டைகெட்டோ

டைகெட்டோ, 1987-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்க ராக் இசைக்குழு. பாடகர் டேனி வான், கிதார் கலைஞர் புரூக் செயின்ட் ஜேம்ஸ், பேஸ் கிதார் கலைஞர் ஜிமி கென்னடி, டிரம்ஸ் கலைஞர் மைக்கேல் கிளேட்டன் ஆகிய நால்வரும் இதன் முதல் அணியினர். மெலோடிக் ஹார்ட் ராக் எனப்படும் வகையைச் சேர்ந்தது இவர்களுடைய இசை. 1991-இல் வெளியான முதல் ஆல்பமான 'டோன்ட் கம் ஈஸி' விற்பனையில் பெரிய உயரம் எதையும் தொடவில்லை. ஆயினும் அவ்வகை இசையின் மிகச் சிறந்த ஆல்பங்களுள் ஒன்றாக ரசிகர்கள் அதை இன்றும் போற்றுகின்றனர். 1990-களின் நடுவில் கலைந்த குழு 2004-இல் மீண்டும் கூடியது. 2016 வரை ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டிருக்கிறது.

பின்னணி

ஹார்ட் ராக்கின் முழக்கமும், ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கும் பல்லவியும் சேர்ந்தது மெலோடிக் ஹார்ட் ராக். கிதாரின் ஓசை கனமாக இருக்கும். ஆனால் பாட்டை முன்னால் நடத்திச் செல்வது குரல்தான். பல்லவி வரும்போது குழுவினர் பலரும் சேர்ந்து வெவ்வேறு ஸ்வரங்களில் இசைந்து பாடுவது இதன் தனி அடையாளம். ஜர்னி குழுவின் 'எஸ்கேப்' (1981), பான் ஜோவியின் 'ஸ்லிப்பரி வென் வெட்' (1986), டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' (1987) ஆகியவை இந்த இசையை அமெரிக்காவெங்கும் கொண்டு சேர்த்தன. 1981-இல் தொடங்கிய எம்டிவி தொலைக்காட்சி அதற்குப் பெருந்துணையாக இருந்தது. 1980-களின் இறுதியில் இசை நிறுவனங்கள் இத்தகைய குழுக்களைத் தேடித் தேடி ஒப்பந்தம் செய்தன. டைகெட்டோ உருவானது அந்தக் காலகட்டத்தில்தான்.

தொடக்கம்

டேனி வான் அப்போது முற்றிலும் புதியவர் அல்லர். யுஎஃப்ஓ குழுவின் பேஸ் கிதார் கலைஞரான பீட் வே, அதிலிருந்து விலகிய பின் நடத்திவந்த வேஸ்டெட் குழுவில் வான் பாடியிருந்தார். 1986-இல் வந்த அக்குழுவின் 'சேவ் யுவர் பிரேயர்ஸ்' ஆல்பத்தில் ஒலிப்பது அவர் குரல். அங்கிருந்து வெளிவந்ததும் நியூயார்க்கில் மற்ற மூவருடன் இணைந்தார். பாடல்களைத் தாங்களே எழுதி, கிளப் மேடைகளில் வாசித்து வளர்ந்த நால்வரும் கெஃபன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றனர். கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஒயிட்ஸ்நேக், ஏரோஸ்மித் ஆகியோரின் ஆல்பங்களை வெளியிட்டுவந்த நிறுவனம் அது. ஒரு ஹார்ட் ராக் குழுவுக்கு அன்றைய அமெரிக்காவில் அதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

'டோன்ட் கம் ஈஸி'

முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் ரிச்சி ஜிட்டோ. சீப் டிரிக், பேட் இங்கிலிஷ், ஹார்ட் ஆகிய குழுக்களின் வெற்றிகளுக்குப் பின்னால் இருந்தவர் அவர். பத்துப் பாடல்கள் கொண்ட இந்த ஆல்பத்தில் முதலில் வருவது 'ஃபாரெவர் யங்'. குழுவின் பெயரைக் கேட்டதும் ரசிகர்கள் நினைவுகூரும் பாட்டு அது. 'விங்ஸ்', 'பர்னிங் டவுன் இன்சைட்', 'சீசன்ஸ்' ஆகியவையும் புகழ்பெற்றவை. மெதுநடைப் பாடலான 'ஸ்டாண்டிங் அலோன்' வானின் குரல் வளத்துக்குச் சான்று. அடங்கிய குரலில் தொடங்கும் அந்தப் பாட்டு படிப்படியாக உச்சஸ்தாயிக்கு ஏறுகிறது. அங்கும் சொல் சிதைவதில்லை, குரலில் கூச்சல் ஏறுவதில்லை.

அக்காலக் குழுக்கள் பலவும் தலைமுடி, உடை, களியாட்டம் ஆகியவற்றை முன்னிறுத்தின. டைகெட்டோவின் பலம் பாடலமைப்பில் இருந்தது. மின்கிதாரின் முழக்கத்தினிடையே அகூஸ்டிக் கிதாரும், வான் வாசிக்கும் ஹார்மோனிகாவும் வந்துபோயின. இந்த ஆல்பம் இன்றும் பழையதாகத் தோன்றாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

காலமாற்றம்

'டோன்ட் கம் ஈஸி' கடைகளுக்கு வந்த அதே ஆண்டில், 1991 செப்டம்பர் 24 அன்று, நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வெளியானது. வெளியிட்டது கெஃபனின் துணை நிறுவனமான டிஜிசி. 1992 ஜனவரியில் அந்த ஆல்பம் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. நிர்வாணா சார்ந்திருந்த, சியாட்டில் நகரைச் சுற்றி எழுந்த கிரஞ்ச் இசையின் பக்கம் வானொலி நிலையங்களும் எம்டிவியும் திரும்பின. மெருகேற்றிய ஒலி, பல குரல்கள் சேரும் பல்லவி, நீண்ட கிதார் தனி ஆவர்த்தனம் என்று நேற்றுவரை கொண்டாடப்பட்ட அனைத்தும் சில மாதங்களில் காலாவதியானவையாகக் கருதப்பட்டன.

புகழ் பெற்றிருந்த குழுக்கள், சேமித்த பெயரைக் கொண்டு இந்த அலையைத் தாங்கின. ஒரே ஆல்பம் வெளியிட்டிருந்த டைகெட்டோவிடம் அத்தகைய சேமிப்பு எதுவும் இல்லை. கெஃபனுக்காக உருவாக்கிய இரண்டாவது ஆல்பத்தை நிறுவனம் வெளியிடவில்லை. ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது.

'ஸ்டிரெங்த் இன் நம்பர்ஸ்'

வெளிவராமல் நின்ற அந்த ஆல்பம் 1994-இல் 'ஸ்டிரெங்த் இன் நம்பர்ஸ்' என்ற பெயரில் வெளியானது. ஐரோப்பாவில் அதை வெளியிட்டது மியூசிக் ஃபார் நேஷன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம்; மெட்டாலிகாவின் தொடக்கக்கால இசையை அங்கு அறிமுகம் செய்ததும் அதுவே. அமெரிக்காவில் சிஎம்சி நிறுவனம் வெளியிட்டது. ஜிமி கென்னடியின் இடத்தில் ஜேமி ஸ்காட் பேஸ் கிதார் வாசித்தார். 'ரெஸ்க்யூ மீ', 'தி லாஸ்ட் சன்செட்' ஆகியவை இதில் குறிப்பிடத்தக்க பாடல்கள். முதல் ஆல்பத்தைவிடச் சற்றே இறுகிய ஒலி கொண்டது இது. குழுவின் ரசிகர் வட்டம் ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரிட்டனில், வேரூன்றத் தொடங்கியது.

பாடகர் மாற்றமும் கலைப்பும்

1995-இல் குடும்பச் சூழல் காரணமாக டேனி வான் விலகினார். நியூயார்க்கின் டால் ஸ்டோரிஸ் குழுவில் பாடியிருந்த ஸ்டீவ் ஆஜெரி அவருக்குப் பதிலாக வந்தார். அவருடன் உருவான 'ஷைன்' 1995-இல் வெளியானது. புளூஸ் சாயலும் நிதானமும் கூடிய அந்த ஆல்பம் பழைய ரசிகர்களுக்குப் புதிதாக ஒலித்தது. 1996-இல் 'டேக் அவுட் அண்ட் சர்வ்டு அப் லைவ்' என்ற கச்சேரித் தொகுப்பு வந்தபின் குழு கலைந்தது.

அதன்பின் ஆஜெரி கேப் என்ற ஆடை நிறுவனத்தின் கடையில் வேலை பார்த்தார். 1998-இல், ஸ்டீவ் பெரி விலகிய ஜர்னி குழு தன் புதிய பாடகராக அவரைத் தேர்ந்தெடுத்தது. 'ஆர்மகெடான்' திரைப்படத்துக்கான பாடலிலும், 'அரைவல்', 'ஜெனரேஷன்ஸ்' ஆகிய ஆல்பங்களிலும் அவர் குரல் ஒலித்தது. 2006 வரை அக்குழுவில் இருந்தார். டைகெட்டோ பின்பற்றி வளர்ந்த மரபின் தலைமைக் குழுவிலேயே அதன் முன்னாள் பாடகர் நின்றது இக்குழுவின் தரத்துக்குக் கிடைத்த வெளிப்படையான அங்கீகாரம். டேனி வானும் ஓயவில்லை. வான் என்ற பெயரில் அமைத்த குழுவுடனும் தனியாகவும் ஆல்பங்கள் வெளியிட்டு, ஐரோப்பிய மேடைகளில் தொடர்ந்து பாடிவந்தார்.

மறுகூடல்

2004-இல் வானுடன் குழு மீண்டும் கூடி ஐரோப்பாவில் கச்சேரிகள் நடத்தியது. இது குறுகிய காலச் சந்திப்பு என்றே முதலில் கருதப்பட்டது. 2007-இல் 'தி லாஸ்ட் சன்செட்: ஃபேர்வெல் 2007' என்ற விடைபெறும் தொகுப்பும் வெளியானது. ஆனால் அழைப்புகள் நிற்காததால் குழுவும் மேடைக்குத் திரும்பியது.

இதற்குப் பின்னால் ஒரு பரந்த மாற்றம் இருந்தது. அமெரிக்க வானொலி கைவிட்ட இந்த இசையை ஐரோப்பிய ரசிகர்கள் கைவிடவில்லை. நாட்டிங்ஹாமில் நடந்த ஃபயர்ஃபெஸ்ட் போன்ற விழாக்கள் அவர்களை ஒன்றுசேர்த்தன. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1996-இல் தொடங்கப்பட்ட ஃப்ரன்டியர்ஸ் நிறுவனம், பழைய குழுக்களுக்குப் புதிய ஆல்பங்கள் செய்யும் வாய்ப்பைக் கொடுத்தது. முதல் அணியின் நால்வரும் சேர்ந்து உருவாக்கிய 'டிக் இன் டீப்' 2012-இல் அந்த நிறுவனத்தின் வழியே வெளியானது.

2014-இல் புரூக் செயின்ட் ஜேம்ஸ் விலகினார். கிதாருக்குக் கிறிஸ் கிரீன், பேஸ் கிதாருக்குத் தண்டர் குழுவின் கிறிஸ் சைல்ட்ஸ், கீபோர்டுக்கு கெட் ரைலண்ட்ஸ் என்று வானும் கிளேட்டனும் புதிய அணியை அமைத்தனர். இந்த அணி வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில் பதிவு செய்த 'ரீச்' 2016-இல் வெளியானது. குயின் குழு 1975-இல் 'பொஹீமியன் ராப்சடி' பாடலின் பதிவைத் தொடங்கிய ஸ்டூடியோ அது. முதல் ஆல்பத்தின் வெள்ளிவிழாவையொட்டி அதன் பாடல்கள் அனைத்தையும் 2017-இல் மிலான் நகர மேடையில் வாசித்தனர். அந்தக் கச்சேரியும் ஆல்பமாக வந்தது. 2019-இல் 'ஸ்டிரெங்த் இன் நம்பர்ஸ்' ஆல்பத்தின் மேடை வடிவம் வெளியானது. கெஃபன் வெளியிடாமல் விட்ட பாடல்களை மேடையில் முழுமையாகக் கேட்க விரும்பும் ரசிகர்கள் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் இருந்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

மதிப்பீடு

டைகெட்டோ பெரும்புகழ் பெறாததற்குத் திறமைக் குறைவு காரணமன்று. அவர்களுடைய சிறந்த ஆல்பம் வந்தபோது, அதை ஒலிபரப்பியிருக்கவேண்டிய வானொலியும் தொலைக்காட்சியும் வேறு திசையில் திரும்பிக்கொண்டிருந்தன. ஓரிரு ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் 'ஃபாரெவர் யங்' அமெரிக்காவின் பெருவெற்றிப் பாடல்களுள் ஒன்றாகியிருக்கும் என்று கருதுவதில் மிகையில்லை. குழுவைக் காத்தது சந்தை அன்று. நல்ல பல்லவியும், அதை நம்பிப் பாடிய ஒரு குரலும், சிறிய அரங்குகளுக்குத் தவறாமல் வந்த ரசிகர்களும்தான். இக்குழுவைப் புதிதாகக் கேட்க விரும்புவோர் 'டோன்ட் கம் ஈஸி' ஆல்பத்தை முதற்பாடலிலிருந்து வரிசை மாற்றாமல் கேட்கலாம். அடுத்து 'ஸ்டிரெங்த் இன் நம்பர்ஸ்', அதன்பின் 'ரீச்'.