ஒத்திகை ஆட்டமும் ஒடிந்த காலும்

உதைபந்தாட்டக் கழகங்கள் பருவம் தொடங்குமுன் சிநேகபூர்வ ஆட்டங்கள் சிலவற்றை ஆடிப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அவற்றில் பெறுவதற்குப் புள்ளியும் இல்லை. இழப்பதற்குக் கிண்ணமும் இல்லை. அத்தகைய ஆட்டத்தில், பேர்பெற்ற வீரன் ஒருவன் தன் காலைப் பணயம் வைத்து இறங்கத்தான் வேண்டுமா?

1888 ஆம் ஆண்டுக்கு முன்னர் இவ்வினாவுக்கு அதிக இடம் இருக்கவில்லை. இங்கிலாந்துக் கழகங்கள் அந்நாளில், கிண்ணப் போட்டிகள் நீங்கலாக, ஆடியவை பெரும்பாலும் சிநேகபூர்வ ஆட்டங்களே. குறித்த நாளில் எதிரணி வாராமற் போவதும் உண்டு. இக்குழப்பத்தைத் தீர்க்க வில்லியம் மக்கிரெகர் என்பார் முயன்றதன் பயனாகப் பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுகூடி லீக் முறையை அமைத்தன. அதன் பின்னரே சிநேகபூர்வ ஆட்டம் மெல்ல மெல்ல ஒத்திகை என்னும் நிலைக்கு இறங்கிற்று.

ஒத்திகையின் விலையை நியூகாசில் நகரம் நன்கறியும். 1996 இல் ஒன்றரைக் கோடி பவுண் கொடுத்து அலன் சியரரை அந்நகரக் கழகம் வாங்கியது. முதற் பருவத்திலேயே லீக் ஆட்டங்களில் அவர் 25 கோல்கள் போட்டார். கழகம் இரண்டாம் இடம் பெற்றது. அடுத்த பருவம் தொடங்குமுன், 1997 யூலையில், லிவர்பூல் நகரில் செல்சி அணியுடன் ஓர் ஒத்திகை ஆட்டம். பந்தை எட்டப் பாய்ந்த சியரரின் கணுக்கால் பலமாகச் சிதைந்தது. மற்றொரு முன்னணி ஆட்டக்காரரான லெஸ் பேர்டினண்டையும் அதே நாட்களில்தான் கழகம் விற்றிருந்தது! சியரர் திரும்ப மைதானம் காண 1998 சனவரி ஆயிற்று. பருவ முடிவில் கழகத்துக்குக் கிடைத்தது பதின்மூன்றாம் இடம்.

2002 இல் பிரான்சு நாட்டுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. உலகக் கிண்ணப் போட்டி தொடங்கச் சில நாட்களே இருக்கையில், தென் கொரியாவுடன் ஆடிய சிநேகபூர்வ ஆட்டத்திலே சிடானின் தொடைத் தசை காயமுற்றது. நடப்புச் சம்பியன் அணி ஒரு கோலும் போடாமல் முதற் சுற்றோடு வீடு திரும்பிற்று.

அவ்வாறாயின் சிறந்த வீரரை ஒத்திகைக்கு இறக்காது காத்தல் நன்றோ? அதுவும் பொருந்தாது. பல வாரம் ஓய்ந்திருந்த தசை, முதன்மைப் போட்டியின் முழு வேகத்தை முதல் நாளே தாங்காது. உடன் ஆடுவோரின் அசைவும் பழகாது. முதலில் அரைமணி நேரம், அடுத்த ஆட்டத்தில் அதனினும் சற்றுக் கூட என்று அளந்து இறக்குவதே தக்கது. சீட்டு வாங்கி வந்த கூட்டம் தொண்ணூறு நிமிடமும் கேட்கும், கேட்கட்டும்.

விபத்து நேர்ந்தபின் செலவை யார் சுமப்பது என்பது வேறு வழக்கு. 2004 நவம்பரில், மொரோக்கோவுக்காகப் புர்க்கினா பாசோவுடன் சிநேகபூர்வ ஆட்டம் ஆடிய அப்தெல்மஜித் உல்மர்ஸ் காயமுற்றுப் பல மாதம் ஆடமுடியாது போனார். அவருக்குச் சம்பளம் கொடுத்து வந்த பெல்சிய நாட்டு ஷார்லுவா கழகம், உலக உதைபந்தாட்டச் சங்கமான பீபா மீது வழக்குத் தொடுத்தது. 2008 இல் இணக்கம் ஏற்பட்டு வழக்கு மீளப்பெறப்பட்டது. நாட்டுக்காக ஆடிக் காயமுறும் வீரரின் சம்பளத்தைக் கழகத்துக்கு ஈடுசெய்யும் திட்டத்தைப் பீபா 2012 இல் கொண்டுவந்தது. சிநேகபூர்வ ஆட்டங்களும் அதில் அடங்கும்.

வன்னி நிலத்துக் கிராமக் கழகங்களுக்கு இக்காப்பு எட்டாது. முல்லைத்தீவுக் கரையில் மாலையில் பந்துதைக்கும் கால், விடியலில் வள்ளம் தள்ளும் கால். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதே கால்தான் காலபோக விதைப்புக்குச் சேற்றில் இறங்குகிறது. சம்பளம் பெறும் வீரனுக்குக் கணுக்கால் முறிந்தால் கழகம் ஓரிடத்தில் இறங்கும். இங்கோ ஒரு குடும்பத்தின் போகம் போய்விடும். ஆதலால் கரடுமுரடான தரையில் ஒத்திகைக்கு நாட்குறிக்கும் கழகச் செயலாளர், பந்துக்கும் சட்டைக்கும் பணம் சேர்க்கும்போதே, மருத்துவச் செலவுக்கும் உழைப்பிழந்த நாட்களின் கூலிக்கும் ஒரு தொகையைச் சேர்த்து எழுதிக்கொள்ளல் வேண்டும். அத்தொகை சேரும்வரை ஆட்டத்தை ஒரு கிழமை தள்ளிவைத்தாலும் குறையொன்றுமில்லை.