பாமினிக்குள் அகப்படாத பெயர்கள்: ஈமாக்ஸில் சொந்தக் கட்டளை எழுதுதல்

போர்க்காலத்திலும் அதன் பின்னரும் தட்டச்சு செய்யப்பட்ட எங்கள் ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் ‘தமிழ்’ என்று தெரிந்தாலும், கோப்பின் உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயரை யுனிகோட்டில் தேடினால், பட்டியலில் அவர் இருந்தும் இல்லையென்றே பதில் வரும்.

இணையத்தில் மாற்றிகள் உண்டு. ஆனால் சாட்சிகளின் வாக்குமூலத்தை, யார் நடத்துவதென்று தெரியாத தளமொன்றில் ஒட்ட நான் தயாரில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு, என் மடிக்கணினியில் ஈமாக்ஸில் செய்கிறேன். 1976இல் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் மேக்ரோக்களின் தொகுப்பாகப் பிறந்தது அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸின் வழிவந்ததையே இன்று இலவசமாக இறக்கிக்கொள்கிறோம். லிஸ்ப் மொழியில் நாமே கட்டளை எழுதிச் சேர்க்கலாம்.

கட்டளை ‘டிஃபன்’ என்ற சொல்லோடும் நாம் வைக்கும் பெயரோடும் தொடங்கும். அடுத்து ‘இன்டரக்டிவ்’ வரி. இது விடுபட்டால் ஆல்ட்–எக்ஸ் அழுத்திக் கூப்பிட முடியாது. அதில் ‘ஆர்’ எழுத்தைச் சேர்த்தால், தெரிவு செய்த பகுதியின் தொடக்கமும் முடிவும் கட்டளைக்குக் கிடைக்கும். ஆங்கிலச் சொற்கள் கலந்த கோப்பில் இது அவசியம். இல்லையேல் அவையும் தமிழாகச் சிதறிவிடும். பிறகு ஒவ்வோர் எழுத்துச் சோடிக்கும் ‘தேடு, மாற்று’ என்ற சுழற்சி.

சிக்கல் இரண்டு இடங்களில். பாமினியில் சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. ஈமாக்ஸின் தேடலோ இயல்பாகச் சிறிது, பெரிது பார்க்காது. ‘கேஸ்–ஃபோல்ட்–சேர்ச்’ என்பதைக் கட்டளைக்குள் ‘நில்’ ஆக்காவிட்டால் குமார் ‘கமார்’ ஆகிவிடுவார். ஒரு பெயர்ப்பட்டியலில் இது சின்னப் பிழையல்ல.

மற்றது வரிசை. ‘கொ’வுக்குப் பாமினியில் மூன்று எழுத்துகள்: கொம்பு, க, அரவு. இதை முதலில் மாற்றவேண்டும். ‘கெ’யை முந்தவிட்டால் கொம்பும் அரவும் தனித்தனிக் குறிகளாக நிற்கும். கண்ணுக்கு ‘கொ’ போலவே தெரியலாம், தேடலில் தப்பிவிடும். ஆகவே நீளமான சோடிகள் மேலே, தனி எழுத்துகள் கீழே.

கன்ட்ரோல்–சியும் அதன்பின் ஓர் எழுத்தும் பயனாளருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கட்டளையை அங்கே பொருத்துங்கள். மூலக்கோப்பின் பிரதியில் மட்டும் ஓட்டுங்கள். மாற்றிய பெயர்களை மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட, முடிந்தால் அந்த ஊரைத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.