தாலினிலிருந்து வில்னியஸ் வரை: கைகோர்த்து நின்ற ஒரு றோட்டு

ஒஸ்லோவில் இருக்கிற மாமாவின் காரில் நாங்கள் ஐந்து பேர் ஆறு தலைநகரங்களைக் கடந்தோம். ஒஸ்லோவும் ஸ்டொக்ஹோமும் படம் எடுப்பதிலேயே போய்விட்டன. ஹெல்சிங்கியில் ஒரு விசயம் மட்டும் மனதில் நின்றது. செனட் சதுக்கத்தின் நடுவில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தரின் சிலை இன்னமும் நிற்கிறது. ஃபின்லாந்து சுதந்திரம் அடைந்தும் அதை யாரும் உடைக்கவில்லை. 1863இல் அவர்களுடைய சட்டசபையை மறுபடி கூட்டியவர் அவர்தானாம். கடலுக்கு அந்தப் பக்கம், கப்பலில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற தாலினில், மொஸ்கோவைப் பற்றிய ஞாபகம் முற்றிலும் வேறு.

தாலினில் பிக் ஹேர்மன் என்ற பழைய கோபுரத்தடியில் நின்றபோது மாமா சொன்னார்: "இஞ்ச இருந்துதான் தொடங்கினது."

1989 ஓகஸ்ட் 23, பின்னேரம் 7 மணி. இந்தக் கோபுரத்தில் தொடங்கி, ரீகாவின் சுதந்திர நினைவுச்சின்னத்தைத் தொட்டு, வில்னியஸின் கெடிமினாஸ் கோபுரம் வரை 600 கிலோமீற்றருக்கும் கூடிய தூரம் சனம் கைகோர்த்து நின்றது, பதினைந்து நிமிடம். ஏறத்தாழ 20 லட்சம் பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மூன்று நாட்டினதும் சனத்தொகையே அப்போது 80 லட்சமளவில்தான். கைத்தொலைபேசி இல்லாத காலம். ஒவ்வொரு ஊருக்கும் றோட்டில் ஒரு துண்டு பிரித்துக் கொடுக்கப்பட்டது. எப்போது கை கோர்ப்பது என்று வானொலி சொன்னது. நெரிசலில் மாட்டியவர்கள் காரை விட்டிறங்கி நின்ற இடத்திலேயே கோர்த்துக்கொண்டார்கள்.

ஏன் அந்தத் திகதி? சரியாக ஐம்பது வருடத்துக்கு முதல், 1939 ஓகஸ்ட் 23 அன்று, ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் ஹிட்லரின் ஜேர்மனியும் ஒரு ஒப்பந்தம் செய்தன. வெளியில் சொன்னது, ஒருவரையொருவர் தாக்க மாட்டோம் என்பது. சொல்லாதது, கூடவே இணைத்த இரகசியத் தாள். கிழக்கு ஐரோப்பாவில் எது யாருடைய பங்கு என்று அதில் பிரித்திருந்தார்கள். 1940 ஜூனில் சோவியத் படை மூன்று நாடுகளுக்குள்ளும் வந்தது. 1941 ஜூனில், பிறகு 1949 மார்ச்சில், குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கு ஏற்றினார்கள். அப்படியொரு தாளே இல்லை, அது போலி என்று மொஸ்கோ பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. சனம் றோட்டில் நின்று கேட்டது சுதந்திரம் மட்டுமில்லை. "அந்தத் தாள் இருந்தது எண்டு ஒத்துக்கொள்" என்பதும்தான்.

தாலினிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பார்னு வழியாக ஓடினோம். ரீகாவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சங்கிலி உள்நாட்டுக்குள்ளால், வில்யாந்தி, வல்மியெரா, சேசிஸ் வழியாகப் போனதென்று. ஜிபிஎஸ்ஸுக்குச் சரித்திரம் தெரியாதுதானே. ரீகாவுக்குத் தெற்கே பௌஸ்கா, பனெவேஷிஸ் வழியாகப் போனது சரியான றோட்டு. இரண்டு பக்கமும் வயலும் காடும். பார்க்க ஒன்றுமில்லை என்று தம்பி சலித்துக்கொண்டான்.

இதை வெறும் அழகான கதையாக எழுதிவிட எங்களுக்கு மனமில்லை. சுதந்திரம் 1991இல் வந்தது. லத்வியாவும் எஸ்தோனியாவும் 1940க்கு முதல் பிரஜையாக இருந்தவர்களையும் அவர்களுடைய வாரிசுகளையுமே தானாகப் பிரஜைகளாக ஏற்றன. சோவியத் காலத்தில் வந்து குடியேறியவர்கள், அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள்கூட, வெளியில் நின்றார்கள். பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுபவர்கள். லத்வியாவில் மட்டும் அப்போது 7 லட்சத்துக்கு மேல். லித்துவேனியா அப்படிச் செய்யவில்லை, அங்கு வசித்தவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை எடுக்க வழி விட்டது. மலையகத்தின் 1948ஐப் படித்து வளர்ந்த எங்களுக்கு இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. வில்னியஸுக்கு வெளியே பனேரியாய் காட்டில் 1941 முதல் 1944 வரை சுட்டுக் கொல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான யூதர்களின் கதையும் இருக்கிறது. சுட்டவர்களில் உள்ளூர்க்காரரும் இருந்தார்கள். அதைப் பேச அந்த நாட்டுக்கே கனகாலம் எடுத்தது.

வில்னியஸ் தேவாலயச் சதுக்கத்தில், சங்கிலி முடிந்த இடத்தில், ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதில் நின்று சுழன்றால் நினைத்தது நடக்குமாம். தம்பி மூன்று தரம் சுழன்றான். அம்மா சுழலவில்லை.

"அந்தத் தாள் பிறகு கிடைச்சதே?" என்று மாமாவிடம் கேட்டா.

கிடைத்தது. சங்கிலி நின்று நாலு மாதத்தில், 1989 டிசம்பரில், சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவை அந்த இரகசியத் தாளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மூலப்பிரதி 1992இல் வெளியில் வந்தது. அவ்வளவு காலமும் மொஸ்கோவில், கட்சியின் பூட்டிய ஆவணக் காப்பகத்தில்தான் அது இருந்திருக்கிறது.