நிறுவியவரும் எடுப்பித்தவரும்

ஓர் அமைப்பையோ கோயிலையோ பள்ளியையோ முதலில் உண்டாக்கியவரைக் குறிக்க இன்று வழங்கும் 'நிறுவனர்' என்னும் சொல், நிலைநிற்கச் செய்தலைக் குறிக்கும் 'நிறுவு' என்ற வினையடியாகப் பிறந்தது. முந்தைய தலைமுறையினர் பெரிதும் எழுதிய 'ஸ்தாபகர்' என்பதும் நிற்றலைக் குறிக்கும் 'ஸ்தா' என்ற வடமொழி வேரிலிருந்து வந்ததே. 1916-இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கத்தால் வடசொல் மெல்லப் பின்வாங்கியதே தவிர, ஒருவரே நிலைநிறுத்தினார் என்னும் கருத்து மாறவில்லை.

சோழர் கல்வெட்டுகளில் வரும் 'எடுப்பித்த' என்ற சொல்லோ இவ்விரண்டினும் நுட்பமானது. எடுத்தல் என்பது உயர்த்திக் கட்டுதல். எடுப்பித்தல் அதன் பிறவினை, அதாவது பிறரைக் கொண்டு கட்டுவித்தல். ஆகவே எடுப்பித்தவர் என்று சொல்லும்போதே கல் சுமந்தவர்களும் உளி பிடித்தவர்களும் அச்சொல்லுக்குள் இடம்பெற்றுவிடுகின்றனர். தஞ்சைப் பெரிய கோயிலைத் தாம் எடுப்பித்ததாகக் கூறும் முதலாம் ராஜராஜன், தம் கொடைகளோடு தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டது இச்சொல்லின் இயல்புக்கு மிகப் பொருத்தமான செயலாகும்.

ஒருவர் நிறுவியதும் பலர் கூடி எழுப்பியதும் ஆகிய இருவகைத் தோற்றங்களையும் கோலாலம்பூர்க் கோயில்களில் காணலாம். 1873-இல் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் தோன்றுவதற்கும், 1891-இல் பத்துமலையில் முருக வழிபாடு அமைவதற்கும் காரணமான கா. தம்புசாமிப் பிள்ளையை நிறுவனர் என்பதில் தடையில்லை. தைப்பூச வெள்ளித்தேர் பத்துமலை செல்லும் ஈப்போ சாலையில், செந்தூலில் 1902-இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலுக்கு அப்படி ஒரு தனிப்பெயரைச் சொல்ல முடியாது. அது நகரத்தார் என்னும் செட்டியார் சமூகம் கூடி எழுப்பியது. தென்கிழக்காசியாவில் தாங்கள் வட்டித்தொழில் செய்த ஊர்தோறும் அவர்கள் இத்தகைய கோயிலை எழுப்பி, வணிகத்தின் ஒரு பங்கைப் பொதுச்செலவுக்கு ஒதுக்கும் 'மகமை' என்ற முறையால் அதைப் பேணினர்.

செந்தூலை ஊராக்கிய ரயில்வே பட்டறையைச் சுற்றிக் குடியேறிய தமிழகத் தொழிலாளரும் யாழ்ப்பாணத் தமிழரும் இவ்வரலாற்றில் மறக்கத்தக்கவர் அல்லர். மலாயாவின் ரயில்வே குடியிருப்புகளிலும் தோட்டங்களிலும் பல கோயில்கள் உழைப்பாளிகள் தந்த சிறு தொகைகளால் எழுந்தவை. அவற்றின் தலவரலாற்றில் ஒருவரை மட்டும் நிறுவனராக்குவது உண்மைக்குக் குறைவானது. கோயில் மலரும் பள்ளி மலரும் எழுதுவோர், மூத்தோர் நினைவிலும் பழைய கணக்கேடுகளிலும் எஞ்சியிருக்கும் அவ்வுழைப்பாளிகளின் பெயர்களை இப்போதே தேடித் தொகுக்க வேண்டும்.