நுண்துளி வகைபிரிப்பு

எண்ணெயில் மிதக்கும் மிகச்சிறு நீர்த்துளிகளில் செல்களைத் தனித்தனியே அடைத்து, துளிக்குள் நடப்பதை அளந்து, வேண்டிய துளிகளை மட்டும் பிரித்தெடுக்கும் ஆய்வக முறை. நுண்பாய்மவியலின் ஒரு பிரிவு. 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 65 பிக்கோலிட்டர்.

ஒளிர்வைக் கொண்டு செல்களைப் பிரிக்கும் கருவிகள் இதற்கு வெகு முன்பே வந்துவிட்டன. ஆனால் செல்லின் உள்ளேயோ மேற்பரப்பிலோ இருப்பதை மட்டுமே அவற்றால் காண முடியும். செல் வெளியே சுரக்கும் நொதியோ ஆன்டிபாடியோ கரைசலில் கலந்துவிட்டால், எந்தச் செல் சுரந்தது என்று கண்டறிய வழியில்லை. துளிக்குள் அடைத்தால் சுரந்த பொருளும் அதற்குக் காரணமான மரபணுவும் பிரியாமல் ஒன்றாகவே இருக்கும். இம்முறையின் உயிர்நாடி இதுவே. இக்கருத்து பழையது: 1958இல் கஸ்டவ் நோசல், ஜோஷுவா லெடர்பெர்க் இருவரும் தனிச் செல்களை நுண்துளிகளில் வைத்து, ஒரு செல் ஒரே வகை ஆன்டிபாடியைத்தான் உருவாக்குகிறது என்பதற்குச் சான்று கண்டனர். கையால் செய்த அந்த வேலையை இன்று சிலிக்கோன் ரப்பரில் வார்த்த சில்லு செய்கிறது.

சில்லின் வாய்க்கால் ஓரிடத்தில் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளையில் ஓட்டத்துக்குத் தடை குறைவு. துளிகள் இயல்பாக அதன் வழியே சென்று கழிவில் சேரும். கிளைக்குச் சற்று முன்பு லேசர் ஒளி படும்போது ஒரு துளி போதிய அளவு ஒளிர்ந்தால், அருகிலுள்ள மின்முனைகளுக்கு உடனே மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. சீரற்ற அந்த மின்புலம் துளியை மறு கிளைக்கு இழுத்துவிடும். 2009இல் வெளியான கருவி நொடிக்கு 2,000 துளிகள் வரை பிரித்தது. மறு ஆண்டு ஹார்வர்டின் டேவிட் வைட்ஸ் குழுவினர், ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் பெராக்சிடேஸ் நொதியின் திரிபுகளை ஏற்றிச் சோதித்தனர். 10 மணி நேரத்தில் சுமார் 10 கோடி வினைகள்; செலவான வினைப்பொருள் 150 மைக்ரோலிட்டருக்கும் குறைவு. மூலநொதியைவிட 10 மடங்குக்கு மேல் வேகமாக இயங்கும் திரிபுகள் கிடைத்தன. ஏற்கெனவே திறன்மிக்க நொதி அது என்பதால், இத்துறையின் மிகச் சிறந்த சாதனைகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

செல்கள் துளிகளில் சேர்வது தற்செயலாகவே. இரு செல்கள் ஒரே துளியில் விழாதிருக்கச் சராசரியைத் துளிக்கு 0.1 செல் என்று வைத்தால், சுமார் 90% துளிகள் வெறுமையாகவே ஓடும். அதைவிடப் பெரிய சிக்கல் கசிவு. துளிக்குள் நடக்கும் வினையில் உருவாகி ஒளிரும் ரெசோருஃபின் போன்ற சாயங்கள் எண்ணெய் வழியே பக்கத்துத் துளிக்குப் போய்விடும். ஒன்றுமில்லாத துளியும் ஒளிரும். எனவே கசியாத சாயத்தைத் தேர்ந்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.