வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு

நான் சிறுவனாக இருந்தபோது புதுவைக்கு வரும் சரக்குக் கப்பல்கள் கரையை ஒட்டாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஒருமுறை மாமாவோடு படகில் அருகே போனேன். கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. "இது என்ன மாமா?" என்றேன். "கோடு தண்ணிக்குள்ள போனா பாரம் ஜாஸ்தின்னு அர்த்தம்டா" என்றார். பிரெஞ்சுப் பள்ளியில் நெப்போலியனைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். இந்தக் கோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓட்டைக் கப்பலிலும் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றுவார்கள். மூழ்கினால் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாலுமி, "இந்தக் கப்பலில் ஏற மாட்டேன்" என்றால் அவனுக்குச் சிறை! கப்பலின் நிலைமை அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அவன் வாய் திறப்பதே குற்றம்.

1871-இல் ஒரு சிறு கதவு திறந்தது. வழக்கில் சிக்கிய மாலுமிகளில் போதிய பேர் கப்பல் சரியில்லை என்று சொன்னால், நீதிமன்றம் அதைச் சோதிக்கச் செய்யலாம். டெர்பி தொகுதி உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் விடாமல் போராடியதால் 1876-இல் சட்டம் வந்தது, கோடு கட்டாயமாயிற்று. ஆனால் அதை எங்கே வரைவது என்பதை முதலாளியே முடிவு செய்யலாம்! அந்த ஓட்டையை அடைக்க 1890 வரை ஆயிற்று.

அதே 1876 சட்டத்தில் இன்னொரு விதி என் குமாஸ்தா மனதைக் கவர்ந்தது. கப்பலைப் பற்றிப் புகார் தருபவரிடம் செலவுக்குப் பிணைத்தொகை கேட்கலாம். ஆனால் மாலுமிகளில் நாலில் ஒரு பங்கினர், குறைந்தது மூன்று பேர், சேர்ந்து நியாயமான புகார் கொடுத்தால் பிணை கேட்காமலே விசாரிக்க வேண்டும். வருடக்கணக்கில் மனுக்களை வாங்கி வைத்தவன் நான். தனியாகக் கையெழுத்துப் போட நடுங்கும் கை, பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர் இருந்தால் நடுங்காது.

2006-இல் ஜெனீவாவில் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. நம் இந்தியாவும் 2015-இல் அதை ஏற்றது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாலுமிகள் உள்ள கப்பலில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் மாலுமிகளின் பிரதிநிதியும் உட்கார வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கவும் கூடாது.

கப்பலின் அடித்தளத்தில் இறங்குபவனுக்குத்தான் எங்கே துரு, எங்கே விஷவாயு என்று முதலில் தெரியும். குற்றவாளிக் கூண்டில் நின்று சொன்னதை இன்று அவன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறான். அந்த நாற்காலி கிடைக்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதில் உட்காருபவர்கள் வாய்மூடி இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.