எலி வளையானாலும் தனி வளை!

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் எத்தனை கார் நிறுத்தலாம்?

கோடு போட்டு, உள்ளே வர, திரும்ப, வெளியே போக வழி விட்டால் சுமார் 120 கார். அவ்வளவுதான். அதே இடத்தில் ஒரு ஹோட்டலைக் கட்டினால் மாடி மேல் மாடி போட்டு நூற்றுக்கணக்கான பேரைத் தங்க வைக்கலாம். காசு கொட்டும். சரி, அந்த நூற்றுக்கணக்கான பேரும் காரில் வந்து இறங்குவார்களே, அதை எங்கே நிறுத்துவது? நேற்று வரை அங்கே நின்ற 120 காரை எங்கே அனுப்புவது?

இதெல்லாம் ஒரு பிரச்னையா என்று சிரிக்காதீர்கள். மிக்கி மவுஸ் என்ற ஒரே ஒரு எலியை வைத்துக்கொண்டு உலகத்தையே வளைத்துப்போட்ட டிஸ்னி கம்பெனியை, எழுபது வருடமாக விடாமல் துரத்துகிற கேள்வி இது. கடைசியில் இந்தக் கேள்விக்கும் ஐம்பதாயிரம் தொழிலாளர்களின் சம்பளத்துக்கும் ஒரு முடிச்சு விழுந்தது. எப்படி? ஆரம்பத்திலிருந்தே வருவோம்.

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே அனஹைம் என்று ஓர் ஊர். எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுத் தோப்பு. 1953-ல் வால்ட் டிஸ்னி ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திடம், தன் பூங்காவுக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்டார். அவர்கள் கைகாட்டிய ஊர் இதுதான். காரணம்? புதிதாக வந்துகொண்டிருந்த நெடுஞ்சாலை. அமெரிக்கா காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்த காலம் அது.

160 ஏக்கர் வாங்கினார். அதில் பூங்காவுக்கு எவ்வளவு ஒதுக்கினார் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 60 ஏக்கர். மிச்சம் 100 ஏக்கர் முழுக்க கார் நிறுத்த! ஆமாம், இளவரசியின் கோட்டைக்கும் ராக்கெட்டுக்கும் காட்டு நதிக்கும் சேர்த்துக் கிடைத்த இடத்தைவிட, நின்றுகொண்டிருக்கும் கார்களுக்குக் கிடைத்த இடம் அதிகம். 12,000 கார் நிற்கலாம். பார்க்கிங் கட்டணம் 25 சென்ட்.

1955 ஜூலை 17-ம் தேதி டிஸ்னிலேண்ட் திறந்தது. அன்றைக்கு நடந்த கூத்து தனிக்கதை. கள்ள டிக்கெட் அடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் புகுந்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் கார் வரிசை. அவசரமாகப் போட்ட தார் காயவே இல்லை, பெண்களின் ஹை ஹீல்ஸ் அதில் புதைந்தது. ஆனாலும் கூட்டம் மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

வந்தவர்கள் ராத்திரி எங்கே தங்குவார்கள்?

வால்ட்டுக்கு இது தெரியாமல் இல்லை. பூங்கா வாசலிலேயே ஒரு ஹோட்டல் வேண்டும் என்று அவருக்கு ஆசை. கையில் காசு இல்லையே! இன்ஷூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் வாங்கி, டி.வி. கம்பெனியைக் கூட்டுச் சேர்த்து, மொத்தம் 17 மில்லியன் டாலரைப் புரட்டி பூங்காவைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே நாக்கு தள்ளிவிட்டது. எனவே ஜாக் ராதர் என்ற டி.வி. தயாரிப்பாளரைப் போய்ப் பார்த்தார். எண்ணெய்க் கிணறு வைத்திருந்த பணக்காரர். நீங்கள் ஹோட்டல் கட்டுங்கள், பெயர் நான் தருகிறேன் என்பது ஏற்பாடு. 99 வருட ஒப்பந்தம்.

1955 அக்டோபரில் 'டிஸ்னிலேண்ட் ஹோட்டல்' திறந்தது. பெயரில்தான் டிஸ்னி. கல்லா ராதருடையது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, அது இந்த எலிக்கு ரொம்ப லேட்டாகத்தான் புரிந்தது. பூங்கா பிய்த்துக்கொண்டு ஓட, பக்கத்து ஹோட்டலும் சேர்ந்து வளர்ந்தது. நூறு அறை ஆயிரத்தைத் தாண்டியது. 1961-ல் பூங்காவின் மோனோ ரயிலையே ஹோட்டல் வாசல் வரை நீட்டினார்கள். சுற்றிலும் ஆரஞ்சுத் தோப்புகளை வெட்டிவிட்டு எவரெவரோ மோட்டல் கட்டி, பளபள போர்டு மாட்டி, சம்பாதிக்க ஆரம்பித்தார்கள். கூட்டத்தை வரவழைப்பது வால்ட். வாடகை வாங்குவது ஊரில் உள்ள மற்ற எல்லோரும்.

வால்ட் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ராதர் ஹோட்டலை விற்கவில்லை.

அந்த எரிச்சலின் அளவு என்ன தெரியுமா? 27,000 ஏக்கர்! 1960-களின் நடுவில் ஃப்ளோரிடாவில், யாருக்கும் தெரியாமல், வேறு வேறு பெயரில் கம்பெனிகளை வைத்து அவ்வளவு நிலத்தை வாங்கிப் போட்டார். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பக்கத்தில் இன்னொருவன் கடை போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு இடம். பூங்காவைப் பார்க்க அவர் இல்லை, 1966-ல் இறந்துவிட்டார். 1971-ல் திறந்தபோது பூங்காவோடு சேர்த்து இரண்டு ஹோட்டல்களும் தயாராக இருந்தன. மோனோ ரயில் ஒரு ஹோட்டலின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போனது. காரில் வருகிறவர்கள் தூரத்திலேயே நிறுத்திவிட்டு ரயிலிலோ படகிலோ வரவேண்டியதுதான். இடம் இருந்தால் எல்லாம் நடக்கும்.

கலிஃபோர்னியாவில் இடம் இல்லையே! 1984-ல் ராதர் காலமானார். அதே வருடம் டிஸ்னியின் தலைமைக்கு வந்த மைக்கேல் ஐஸ்னர் விடாமல் முயன்று, 1988-ல் ராதரின் கம்பெனியை மொத்தமாக வாங்கினார். ஹோட்டலை மட்டும் பிரித்துத் தரமாட்டார்கள் என்பதால் கூடவே வேறு இரண்டு சாமான்களும் வந்தன. லாங் பீச்சில் நின்றிருந்த 'குயின் மேரி' என்ற பழைய பிரம்மாண்டக் கப்பலை நடத்தும் பொறுப்பு. 'ஸ்ப்ரூஸ் கூஸ்' என்ற ராட்சத மர விமானத்தைக் காட்சிக்கு வைத்திருக்கும் பொறுப்பு. ஒரு ஹோட்டலுக்காகக் கப்பலையும் விமானத்தையும் தலையில் கட்டிக்கொண்டவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

ஆச்சா? வளை கிடைத்துவிட்டது. இப்போது பெரிதாக்க வேண்டும். இரண்டாவது பூங்கா வேண்டும், அதையொட்டி இன்னொரு ஹோட்டல் வேண்டும். இடம்?

அந்த 100 ஏக்கர் பார்க்கிங்!

முதலில் 3 பில்லியன் டாலரில் ஒரு கனவுத் திட்டம் போட்டார்கள். அதற்குள் 1992-ல் பாரிஸ் பக்கத்தில் திறந்த யூரோ டிஸ்னி கையைச் சுட்டுவிட்டது. அங்கே முதல் நாளே ஆறு ஹோட்டல், ஐயாயிரத்துச் சொச்சம் அறைகள். ஆனால் பாரிஸ்காரர்கள் ரயிலேறி வந்து, பார்த்துவிட்டு, ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். காலி அறைகளும் கடனும்தான் மிச்சம். சூடு கண்ட பூனை! அனஹைம் திட்டத்தைக் கைவிட்டு, சின்னதாக ஒன்றைக் கையில் எடுத்தார்கள்.

1998 ஜனவரியில் பழைய பார்க்கிங்கை மூடினார்கள். நாற்பது வருடமாகக் கார் நின்ற இடத்தில் 2001-ல் புதுப் பூங்காவும், அதற்குள்ளேயே தனி வாசல் வைத்த 750 அறை 'கிராண்ட் கலிஃபோர்னியன்' ஹோட்டலும் எழுந்தன.

கார்கள்? அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 2000-ல் ஆறு மாடி பார்க்கிங் கட்டடம் ஒன்று திறந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார் நிற்கலாம். காரை எங்கே விட்டோம் என்று மறந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு மாடிக்கும் மிக்கி, மின்னி, டொனால்டு என்று பெயர். அழகுதான். இந்த அழகான கட்டடத்தை யார் செலவில் கட்டினார்கள்?

இங்கேதான் கதையின் முடிச்சு. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

1996-ல் டிஸ்னியும் அனஹைம் நகராட்சியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி நகராட்சி 510 மில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. சாலை, மாநாட்டு மையம், இதரச் செலவுகளோடு, இந்தப் பார்க்கிங் கட்டடத்துக்கும் அதிலிருந்துதான் பணம். நூறு மில்லியனுக்கும் மேல். டிஸ்னி அதற்குத் தருவதாகப் பேசிய வாடகை வருடத்துக்கு ஒரு டாலர். கைதவறி எழுதவில்லை, ஒரே ஒரு டாலர்தான்! வசூலாகும் பார்க்கிங் கட்டணம் முழுக்க டிஸ்னிக்கு. 25 சென்ட்டில் ஆரம்பித்த அந்தக் கட்டணம் இன்று 30 டாலரைத் தாண்டிவிட்டது. கடனை எப்படி அடைப்பது? அந்தப் பகுதியில் வசூலாகும் வரியிலிருந்து. வரி போதாமல் டிஸ்னி கைக்காசைப் போட நேர்ந்தால், அதையும் பிறகு வரிப் பணத்திலிருந்தே திருப்பித் தந்துவிடுவோம் என்றது ஒப்பந்தம்.

2017-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதையெல்லாம் விலாவாரியாக எழுதியது. டிஸ்னிக்குக் கோபம் வந்து, அந்தப் பத்திரிகையின் விமர்சகர்களைத் தன் சினிமா முன்னோட்டக் காட்சிகளுக்கு விடமாட்டேன் என்றது. மற்ற பத்திரிகைகளின் விமர்சகர்களும் கொடி பிடிக்க, தடையை நீக்கியது.

நடுவே 2016-ல் நான்காவது ஹோட்டலுக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். 700 அறை, உயர்தர சொகுசு. இடம்? வேறெங்கே, சுமார் 10 ஏக்கர் பார்க்கிங் நிலம்தான். ஹோட்டல் விருந்தினர்களிடம் நகராட்சி வசூலிக்கும் தங்கும் வரியில் 70 சதவிகிதத்தை 20 வருடத்துக்கு டிஸ்னிக்கே திருப்பித் தர மூன்றுக்கு இரண்டு ஓட்டில் நகர மன்றம் சம்மதித்தது. சுமார் 267 மில்லியன் டாலர் சலுகை.

கூடவே, கிழக்குப் பக்கம் 6,900 காருக்கு ஒரு பார்க்கிங் கட்டடம், அங்கிருந்து சாலைக்கு மேலே நடைபாலம் என்று இன்னொரு திட்டம். அந்தச் சாலையோரத்து மோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் கொதித்துவிட்டார்கள். ஜனங்கள் பாலத்தில் தலைக்கு மேலே போய்விட்டால் கடைக்கு யார் வருவது? டிஸ்னி பின்வாங்கி மேற்குப் பக்கம் போனது. பழைய பார்க்கிங் கட்டடத்தை ஒட்டியே இன்னொன்று கட்டி 2019-ல் திறந்தது.

ஹோட்டலும் இடம் மாறியது. பார்க்கிங் நிலத்தை விட்டு சுமார் ஆயிரம் அடி தள்ளி, 'டவுன்டவுன் டிஸ்னி' கடைவீதிக்கு. அதற்காக ஒரு சினிமா தியேட்டர், உணவகங்கள் எல்லாவற்றையும் 2018-ல் மூடினார்கள். இதற்குள் தேர்தல் வந்து நகர மன்றமே மாறியிருந்தது. சலுகை கொடுத்தது அந்த இடத்துக்கு, இந்த இடத்துக்கு இல்லை என்று கைவிரித்தார் நகராட்சி வழக்கறிஞர். ஹோட்டல் அவ்வளவுதான், கைவிடப்பட்டது. மூடிய சாண்ட்விச் கடை ஒன்று அதே இடத்தில் மறுபடி திறந்தது.

அதே 2018-ல் தொழிலாளர் சங்கங்கள் சார்பில் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. மிக்கி ஊரில் வேலை பார்ப்பவர்களில் பத்தில் ஒருவர், முந்தைய இரண்டு வருடத்தில் எப்போதாவது தங்க வீடில்லாமல் இருந்திருக்கிறார் என்றது அது. யோசித்துப் பாருங்கள். கார் நிற்க ஆறு மாடி. அந்தக் கட்டடத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற ஒருவருக்கு ராத்திரி படுக்க இடமில்லை!

அந்த நவம்பரில் அனஹைம் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நகராட்சியிடம் சலுகை பெறும் உல்லாச விடுதி, பூங்கா நிறுவனங்கள் மணிக்கு 15 டாலர் சம்பளம் தரவேண்டும், 2022-ல் அது 18 ஆக வேண்டும். டிஸ்னி முன்கூட்டியே உஷார். ஓட்டெடுப்புக்குச் சில வாரம் முன்பே, எங்களுக்குச் சலுகையே வேண்டாம் என்று தானே முன்வந்து ஹோட்டல் சலுகையையும், டிக்கெட் மேல் வரி போடுவதில்லை என்ற இன்னொரு சலுகையையும் ரத்து செய்யவைத்தது. சலுகை இல்லை, ஆகவே சட்டமும் இல்லை. சாமர்த்தியம்தான்!

தொழிலாளர்கள் 2019-ல் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் தோல்வி. 2023 ஜூலையில் அப்பீல் கோர்ட் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. 1996 ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதே, வரிப் பணத்தைத் திருப்பித் தருவதாக அதில் எழுதியிருக்கிறதே, அதுவும் சலுகைதான் என்றது. புது ஹோட்டலின் சலுகையை ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்தவர்கள், பழைய பார்க்கிங் ஒப்பந்தத்தை மறந்துவிட்டார்கள்! மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 டிசம்பரில் டிஸ்னி சமரசத்துக்கு வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு 233 மில்லியன் டாலர்.

அதே வருடம் மே மாதம் அனஹைம் நகர மன்றம் டிஸ்னியின் அடுத்த விரிவாக்கத்துக்கு அனுமதி கொடுத்தது. பத்து வருடத்துக்குள் குறைந்தது 1.9 பில்லியன் டாலர் முதலீடு. புதுப் பூங்கா, ஹோட்டல் எல்லாம் வரலாம். எங்கே வரும் என்று நான் சொல்லவேண்டுமா? இன்றைக்குக் கார் நிற்கிற இடங்களில்தான். கிழக்குப் பக்கம் புதுப் பார்க்கிங் கட்டவும் அதில் வழி இருக்கிறது.

எலி வளை தோண்டுவதை நிறுத்தவே நிறுத்தாது. ஆனால் எங்கேயாவது ஒரு தீம் பார்க்கில் காரை நிறுத்தி டோக்கன் வாங்கும்போது, இந்த இடத்துக்கு வாடகை யார் தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அனஹைமில் அந்த ஒரு டாலரின் பாக்கி வசூலாக இருபத்தெட்டு வருடம் ஆனது.